டோக்கியோவைச் சுற்றியவர்களுக்கு ஒரு வட்டப்பாதை

வேலைக்கும் படிப்புக்கும் சுற்றுலாவுக்கும் ஜப்பான் போய்வரும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு,



லீவுக்கு ஊர் வரும்போது நீங்கள் போனில் காட்டுகிற படங்களை நானும் ஆசையாகத்தான் பார்க்கிறேன். கோயிலும் மலையும் கொஞ்சம், மிச்சமெல்லாம் ரயில். நடைமேடையில் போட்ட கோட்டுக்குள் வரிசையாக நிற்கும் கூட்டம், முதுகுப்பையைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொண்ட பையன்கள், நின்றவாக்கிலேயே தூங்கித் தன் நிலையம் வந்ததும் சரியாகக் கண்விழித்து இறங்கிப்போகும் ஆபீஸ்காரர், வண்டி சில நிமிடம் பிந்தினால் வேலையிடத்தில் காட்டுவதற்கு ரயில்காரர்களே கொடுக்கும் தாமதச் சீட்டு. 2017 நவம்பரில் ட்சுகுபா எக்ஸ்பிரஸ் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்ட கதையை உங்களில் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டேன்.

கதை முடிந்ததும் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க சார்." அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். நம் ஊரும் அப்படித்தான் என்று சாதிக்கப் போவதில்லை. வயசான காலத்தில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நான் கேட்பது வேறு. டோக்கியோவில் நாள் முழுக்க ரயிலில் ஏறி இறங்கி, முன்பின் தெரியாத மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள், எதைத் தின்கிறார்கள், எதற்குக் கூச்சப்படுகிறார்கள் என்று பார்த்தீர்களே, அதே பொறுமையோடு நீங்கள் பிறந்த பூமியை ஒரு நாள் ரயிலில் பார்த்ததுண்டா?

பெரும்பாலும் இருக்காது. திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள், வாசலில் கார் நிற்கிறது. குலதெய்வம், ஒரு கல்யாணம், ஒரு துக்கம் விசாரிப்பு, நேரமிருந்தால் வேன் எடுத்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில். கண்ணாடி ஏற்றியிருக்கும். புறவழிச்சாலை எந்த ஊருக்குள்ளும் போகாது. ராத்திரி வீடு திரும்பும்போது கையில் பிரசாதப் பை இருக்கும். வழியில் ஒரு மனிதரிடமாவது பேசினீர்களா என்றால் டோல்கேட்டில் பேசியிருப்பீர்கள்.

டோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதை 34.5 கிலோமீட்டர், 30 நிலையம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். டெல்டாவுக்கும் ஒரு வட்டப்பாதை இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் வழியாகத் திருவாரூர். அங்கிருந்து நீடாமங்கலம் வழியாக மறுபடி தஞ்சாவூர். 160 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரே வண்டியில் சுற்றிவர முடியாது. இரண்டு இடத்தில் மாற வேண்டும், மாறுகிற இடத்தில் காத்துக் கிடக்க வேண்டும், காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்பலாம். ஒரு நாளுக்கு அளவெடுத்த மாதிரியான தூரம்.

இந்த வட்டம் யார் போட்டது என்று பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது 1861ல். ஜப்பானில் முதல் ரயில் ஷிம்பாஷிக்கும் யோகொஹாமாவுக்கும் நடுவே ஓடியது 1872ல். நம் பாதையைப் போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனிக்கு அப்போது நாகப்பட்டினம்தான் தலைமையிடம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பாதை 1870களில் வந்தது. மூன்றாவது பக்கத்தைப் போட்டது கம்பெனியும் அல்ல, சர்க்காரும் அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்துக்குக் கட்டுகிற வரியோடு ரயிலுக்கென்று ஒரு சில்லறை வரி சேர்த்து வசூலித்து, மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894ல் சொந்தமாக ஒரு பாதை திறந்தது. உங்கள் முப்பாட்டன் குழிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர் என்றால், அந்தத் தண்டவாளத்தில் அவர் காசும் கிடக்கிறது. அத்தோடு வட்டம் மூடியது. யமனோத்தே முழு வட்டமானது 1925 நவம்பரில்.

மார் தட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனி நமக்கு ஊர் சுற்றிக்காட்டப் பாதை போடவில்லை. நெல்லைத் துறைமுகத்துக்கு இறக்கவும், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றவும் அது வசதியாக இருந்தது. ஒரே காலத்தில் தொடங்கிய இரண்டு ரயில்களில் ஒன்று அங்கே போய் நிற்க, இன்னொன்று இங்கேயே நிற்பதற்குக் காரணம் என்ன என்று கணக்கு வாத்தியாராக இருந்தவன் யோசிக்காமல் இருக்க முடியாது.

மீட்டர் கேஜ்தான் நம்மைக் கெடுத்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 1861ல் அகலப் பாதையாகப் போட்டதை 1875ல் பிடுங்கி மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டி, 1990களில் தொடங்கி மறுபடி அகலமாக்கினார்கள். அந்தச் சாக்கில் ஒவ்வொரு பாதையும் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது. திருவாரூர்–காரைக்குடிப் பாதை 2019ல்தான் திறந்தது. ஆனால் நீங்கள் டோக்கியோவில் தினமும் ஏறி இறங்குகிற யமனோத்தே வண்டி ஓடும் தண்டவாளத்தின் அகலம் 1067 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜைவிட நாலு விரற்கடை கூடுதல், அவ்வளவுதான். 1964ல் ஷின்கான்சென் வந்தபோதுதான் அவர்களுடைய தேசிய ரயில்வே 1435க்குப் போனது. ஒடுக்கமான பாதையிலேயே சில நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டு ஒரு மாநகரத்தையே சுமந்தார்கள். நாம் அகலப்படுத்திவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று நடைமேடையில் உட்கார்ந்து தகவல் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, புறப்படுங்கள். டிக்கெட் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். கொரோனாக் காலத்தில் பாசஞ்சர் வண்டிக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்து குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அது திரும்பவும் 10 ரூபாய்க்கு வந்தது. ரிசர்வேஷன் செய்த பெட்டியில் ஏறாதீர்கள். மெமுவோ டெமுவோ, ஊர் வாயில் இன்னும் பாசஞ்சர்தான், அதில் ஏறுங்கள். காலை வேளையாக இருக்கட்டும். சீசன் டிக்கெட்காரர்கள் இருப்பார்கள்.

அங்கே நீங்கள் பார்த்த ஒழுங்கு இங்கே இருக்காது. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் சாப்பாட்டுப் பையும் உள்ளே விழும். விழுந்த இடம் போட்டவருக்கு. அதை யாரும் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார மாட்டார்கள். எழுதாத சட்டத்துக்கு இப்படிக் கட்டுப்படும் கூட்டத்தை ஒழுங்கில்லாத கூட்டம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? மூன்று பேர் பலகையில் நாலாவது ஆளுக்கு, "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்ற ஒரு சொல்லில் இடம் பிறக்கும். கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் குழந்தைக்குக் கிடைத்துவிடும்; அது யாரென்றே தெரியாத ஒரு பாட்டி மடியில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாளில் வந்தால் இன்னும் விசேஷம். தினமும் ஒரே பெட்டியில் போகிறவர்கள் காசு போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, சுண்டலும் பொரியும் விநியோகிப்பார்கள். வேலை செய்யும் கருவிக்குப் பூஜை என்றால் தங்களைச் சுமக்கும் பெட்டியும் அதில் சேர்த்தி என்பது அவர்கள் கட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெண்ணாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் எதிரில் இருப்பவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். சொன்னால் "யார் வீடு?" என்பார். வெட்டாறு வருவதற்குள் "எந்தத் தெரு?" வந்துவிடும். முதல் இரண்டும் அன்பு. மூன்றாவது எதற்கென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜப்பான் ரயிலின் மௌனத்தை நான் மெச்சுகிற ஒரே இடம் இதுதான். மற்றபடி இந்தப் பேச்சை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எரு விலை, மாப்பிள்ளை ஜாதகம், ஆற்றில் தண்ணீர் எந்த மதகு வரை வந்தது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, எல்லாச் செய்தியும் பெட்டிக்குள் வாய்வழியாகத்தான் வருகிறது. நீங்கள் அங்கிருந்து கொண்டுவர வேண்டிய பழக்கம் என்று ஒன்றைக் கேட்டால், போனில் பாட்டையும் வீடியோவையும் ஊருக்கே கேட்க வைக்காமல் காதில் மாட்டிக்கொள்கிற பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சாப்பிட்ட காகிதத்தைப் பையிலேயே வைத்து வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கத்தையும். ஜன்னல் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து நீங்கள் அதைச் செய்தால் பக்கத்துப் பையன் பார்ப்பான்.

அய்யம்பேட்டை, பாபநாசம் பக்கம் வரும்போது வெளியே பாருங்கள். அகத்தி வரிசையாக நிற்கும், அதைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறும். கொடிக்கால்காரர்கள் கவுளி கவுளியாகக் கட்டி அனுப்புகிற கும்பகோணம் வெற்றிலை இந்த மண்ணில் விளைவது. சுவாமிமலை, தாராசுரம் என்று நிலையங்கள் சடசடவென்று வரும். அங்கெல்லாம் இறங்கினால் ஒரு நாள் போதாது. ஆசையை அடக்கிக்கொண்டு கும்பகோணத்தில் இறங்குங்கள்.

கோயில் பட்டியல் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதைப் பராமரிக்கிறது. திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீடு, உள்ளே தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். நான் வகுப்பில் எத்தனையோ சொல்லியும் கணக்கின்மேல் பயம் போகாத பிள்ளைகள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு சின்ன வீடா சார்" என்று கேட்டதுண்டு. அந்தக் கேள்வி பிறந்தால் போதும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் பித்தளை டபராவில் ஒரு காபி. ஞாயிற்றுக்கிழமையானால் இட்லிக்குக் கடப்பா கிடைக்கிற கடையை விசாரித்துப் போங்கள்.

இந்த இடத்தில் ஜப்பானைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. அங்கே நிலையத்துக்கு நிலையம் அந்தந்த ஊர் மீனும் காயும் ஊறுகாயும் வைத்து எகிபென் என்று ஒரு சாப்பாட்டுப் பெட்டி விற்கிறார்கள். பெட்டியைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லலாம். போதாததற்கு நிலையத்திலேயே ஒரு ரப்பர் முத்திரை வைத்திருக்கிறார்கள். பயணி தன் நோட்டில் குத்திக்கொண்டு போகிறான். நம் நடைமேடைக் கடையில் தஞ்சாவூரானாலும் டெல்லியானாலும் அதே சிப்ஸ் பாக்கெட். ஒரு நிலையம் ஒரு பொருள் என்று 2022ல் ரயில்வே திட்டம் போட்டது, சில இடங்களில் கடையும் வந்தது. சாப்பாட்டில் அது இன்னும் இறங்கவில்லை. வாழையிலையில் மடித்த இட்லியும் கடப்பாவும் கும்பகோணம் நிலையத்தில் ஒரு பொட்டலமாக வந்தால் அதற்காகவே இறங்குகிறவர்கள் இருப்பார்கள். உங்களில் ஓட்டல் வைக்கும் யோசனையுள்ளவர் யாராவது இதை எடுத்துச் செய்யலாம். யோசனைக்குக் கூலி வேண்டாம்.

கும்பகோணம் தாண்டித் திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், அடுத்து ஆடுதுறை. இங்கே கொஞ்ச நேரம் உங்களை நிறுத்தி வைக்கப் போகிறேன்.

ஆடுதுறையில் 1922ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டெல்டாவில் குறுவைக்கு விதை வாங்குகிறவர்கள் "ஏடிடி" என்று சொல்கிற ரகங்களெல்லாம் இங்கே பிறந்தவை. அதில் மூத்த தலைமுறைக்கு மறக்க முடியாதது ஆடுதுறை 27. 1960ல் தஞ்சாவூர் மாவட்டத்துக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. விதை, உரம், கடன், யோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்து விளைச்சலை ஏற்றிக் காட்டுவது என்று ஏற்பாடு. அதற்கேற்ற குறுகிய வயசுக் குறுவை நெல்லாக 1965ல் வந்தது ஆடுதுறை 27. 105 நாளில் அறுப்பு, உரம் போட்டால் ஏற்றுக்கொள்ளும் பயிர். அதன் ஒரு பக்கத்துப் பெற்றோர், கிச்சிலிச் சம்பா என்று நம் வீடுகளில் புழங்கிய ஜி.இ.பி. 24. மறுபக்கம் நோரின் 10. பெயரைக் கேட்டாலே உங்களுக்குப் புரிந்திருக்கும்: ஜப்பான் ரகம். 1950களில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கட்டக்கில் ஒட்டுச் சேர்த்தார்கள். அங்கிருந்து வந்த கூட்டத்தில் தேறி நின்று ஆடுதுறையில் பெயர் பெற்றது இது.

பொன்னியின் கதையும் அதே திட்டத்தின் இன்னொரு கிளைதான். 1986ல் வெளியான வெள்ளைப் பொன்னிக்கு மூலம் மலேசியாவின் மசூரி. மசூரியின் ஒரு பெற்றோர் தைச்சுங் 65. தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது அங்கே உருவான நெல். காவிரியின் பெயரையே வைத்து நாம் சோறாக்கித் தின்கிறதற்குள் அந்த வழி ஓடுகிறது. "அந்த ஊர் அரிசி ஒட்டும் சார், நமக்கு ஒத்துக்காது" என்று என்னிடம் சொன்னவர்கள் கவனிக்கவும்.

விதைக்கு முன்னாலேயே நடவு வந்துவிட்டது. 1953 வாக்கில் ஜப்பான் முறை நெல் சாகுபடி என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. கொஞ்சம் விதை, மேட்டுப்பாத்தி நாற்றங்கால், கயிறு பிடித்து வரிசை நடவு, வரிசைக்கு நடுவே களைக்கருவி. என் அப்பா காலத்து ஆட்கள் அதை "ஜப்பான் நடவு" என்றே சொன்னார்கள்; சொல்லும்போது கொஞ்சம் கேலியும் இருக்கும், நடவுப் பாட்டுக்குக் கயிறு பிடிக்கத் தெரியுமா என்று. இப்போது மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஜப்பானை நேரிலேயே பார்க்கலாம். ஆனி ஆடியில் வந்தால் நடவு இயந்திரம், தை மாசியில் வந்தால் பெல்ட் வைத்த அறுவடை வண்டி. மேலே குபோட்டா, யான்மார் என்று எழுதியிருக்கும். இரண்டுமே ஒசாகாக் கம்பெனி. ஒசாகாவில் வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா இங்கே வரப்பில் நின்று, அந்த வண்டிக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசிக்கொண்டிருப்பார்.

மயிலாடுதுறையைத் தாண்டிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்பார்கள். ஆனால் வண்டி மாறுகிறவனுக்கு அது முக்கால்வாசி காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் ஒன்று தெரிந்துகொள்ளலாம். 1926லிருந்து இங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப்பாதை ஓடியது. 1980களில் மூடினார்கள். ஆள் ஏறவில்லை, நஷ்டம் என்று கணக்கு. ஆள் ஏறாததால் மூடினார்களா, ஏறுகிற நேரத்தில் வண்டி விடாததால் ஆள் ஏறவில்லையா என்று நெடுநாள் வாதம் நடந்தது. ஆடுதுறையிலிருந்து மயிலாடுதுறைக்கு வரும் வழியில் நரசிங்கன்பேட்டையைத் தாண்டி வந்திருப்பீர்கள். ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற ஊர், 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலையத்தில் அதைச் சொல்ல ஒரு பலகை வைக்கலாம்.

திருவாரூரில் மதியம். கமலாலயக் குளக்கரையில் காற்று வாங்குங்கள். தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் 18ஆம் நூற்றாண்டில் ஒரு பதினைந்து வருஷ இடைவெளிக்குள் இந்த ஒரே ஊரில் பிறந்தார்கள். ஆழித்தேர் நிற்கிற இடத்தையும் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் வட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். நாகப்பட்டினம் போகும் வண்டியில் கீழ்வேளூர்.

அந்த நிலையத்திலிருந்து சில மைல் தூரத்தில் கீழ்வெண்மணி. ஆடுதுறை 27ம் பேக்கேஜ் திட்டமும் களத்தில் நெல்லைக் குவித்த அதே ஆண்டுகளில், அறுத்தவர்கள் கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள். சங்கம் வைத்துக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, சேரிக்குள் அடியாட்கள் புகுந்தபோது ஒரு குடிசைக்குள் ஒதுங்கியவர்களில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வழக்கில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பச்சை வயலைப் பார்த்துப் படம் எடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது என் கடமை. "எந்தத் தெரு" என்ற கேள்வி எங்கே போய் முடியும் என்பதற்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. ஹிரோஷிமா நினைவுப் பூங்காவில் செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்ததாகச் சொன்னீர்களே, அந்த மரியாதையை இங்கேயும் கொண்டுவாருங்கள்.

சாயங்காலம் திருவாரூரிலிருந்து தஞ்சாவூர். கொரடாச்சேரி, நீடாமங்கலம், கோயில்வெண்ணி. நீடாமங்கலத்தில் வண்டி நின்றால் பக்கத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். அறுவடைக் காலமானால் கொள்முதல் செய்த நெல் மூட்டைகளை அரவைக்காக வேறு மாவட்டத்துக்கு ஏற்றும் சரக்கு வண்டி நிற்கும். சுமை தூக்கும் ஆட்கள் மூட்டையை முதுகில் ஏற்றிப் பெட்டிக்குள் ஓடிப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். வெளியே லெவல் கிராசிங் கேட் மூடிக் கிடக்கும். அதில் காத்துக் கிடந்தவர்கள் நீடாமங்கலம் கேட்டைப் பற்றிப் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. விளைவித்த நெல் ஊரை விட்டுப் போகும் வழியும், ஊர்க்காரன் வீட்டுக்குப் போகும் வழியும் அங்கே குறுக்கே சந்திக்கின்றன.

இந்த நெல்வெளியைப் பார்க்கவே ஒரு ஜப்பானியர் வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நொபொரு கராஷிமா. 1960களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார். திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கிற அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை எடுத்து, நிலம் யார் பெயரில் இருந்தது, யார் யாருக்கு விற்றார் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். பிராமண ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களின் கையில் இருந்தது, அல்லூரில் ஊராருக்குப் பொதுவாக இருந்தது என்று எடுத்துக்காட்டினார். அரசர்களைப் பாடிக்கொண்டிருந்த சோழர் வரலாற்றில், வயல் யாருடையது என்ற கேள்வியைக் கணக்குப் போட்டுக் கேட்டவர். சுப்பராயலு போன்ற நம் அறிஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1995ல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கு அவர்தான் தலைவர். 2013ல் பத்மஸ்ரீ, 2015ல் மறைந்தார். நம் ஊர்களைப் பார்க்க ஒருவர் டோக்கியோவிலிருந்து வந்து இத்தனை வருஷம் செலவழித்தார். உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு நாள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஜப்பானின் நகரத்து ரயிலை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தீர்கள். ஹொக்கைடோப் பக்கம் ஊரில் ஆள் குறைந்து, பாதைகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். ருமோய் பாதையின் பெரும்பகுதி 2023ல் நின்றது. ஆள் இல்லாத ஊரில் ரயில் நிற்பதைப் புரிந்துகொள்ளலாம். நம் டெல்டாவில் ஆள் நிறைய இருக்கிறார்கள், பேருந்துப் படியில் தொங்குகிறார்கள், பகலில் அவர்களுக்கு வண்டிதான் போதவில்லை. தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை இன்னும் ஒற்றைப் பாதை. ஒரு எக்ஸ்பிரசுக்கு வழி விட உங்கள் பாசஞ்சர் ஏதாவது ஒரு நிலையத்தில் கிராசிங்குக்காகக் காத்திருக்கும். இரட்டைப் பாதை எப்போது வருமோ வரட்டும். அதற்கு முன்னால், தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் என்று முழு வட்டமும் ஓடும் மெமு வண்டி, வலம் ஒன்று இடம் ஒன்று, பகலில் விடலாம். பாதை இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், பூக்காரிகள் எல்லோரும் ஏறுவார்கள்.

திருச்சிக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு இப்படி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் கையெழுத்து மட்டும் இருந்தால் வேலை இல்லாதவன் எழுதினது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். ரயில் நேரத்துக்கு ஓடினால் ஒரு ஊர் எப்படி மாறும் என்று தினமும் ஏறிப் பார்த்த உங்கள் கையெழுத்து அதில் வேண்டும். வட்டத்தை ஒரு முறை சுற்றிவிட்டு, எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், பெட்டியில் எவ்வளவு கூட்டம் என்று நிலையம் நிலையமாகக் குறித்து அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டியது அந்தக் கணக்குதான்.

இப்படிக்கு,
பாபநாசத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்